கனடா பிரெய்ரியில் யார் செய்தது இன்றும் நிற்கிறது?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: கனடாவின் பிரெய்ரி (புல்வெளிச் சமவெளி) மாகாணங்களான மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா மூன்றிலும் விவசாயத்துக்கும் கிராம வாழ்க்கைக்கும் நிலைத்து நிற்கிற மாதிரி ஏதாவது செய்தவர்கள் யார், நமக்கு எம். எஸ். சுவாமிநாதன் மாதிரி அவர்களுக்கு ஒருவர் உண்டா? வெறும் பெயர்கள்தான் வேண்டும் என்றால் சஸ்கட்டூன் நகரத்தில் வெஸ்டர்ன் டெவலப்மெண்ட் மியூசியத்துக்குள் விவசாயப் பிரமுகர்களுக்கென்றே ஒரு கௌரவக் கூடம் இருக்கிறது, அங்கே போய் எழுதிக்கொண்டு வந்துவிடலாம். நீங்கள் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். அவர்கள் செய்ததில் எது இன்னமும் வயலிலும் வீட்டிலும் சட்டத்திலும் இருக்கிறது, எது கழன்று போய்விட்டது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் எதை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்குத் தெரியும். நான் உழவியல் படித்தவன், பருப்புப் பயிர்களோடு அந்தப் பக்கம் பல வருஷம் வேலை பார்த்தவன். விதை, மண், நோய் பற்றி நான் சொல்வது தொழிலில் கற்றது. கூட்டுறவு, அரசியல், மருத்துவத் திட்டம் பற்றிச் சொல்வது ஆர்வத்தில் படித்தது. அதில் வரலாறு முறையாகப் படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் அவர்கள் பேச்சைக் கேளுங்கள்.

நேரடியான பதில்: அப்படி ஒரே ஒருவர் கிடையாது. ஒரு தலைமுறை கண்டுபிடித்ததை அடுத்த தலைமுறை கொண்டாடியது, அதற்கும் அடுத்தது அதனால் வந்த கெடுதலைச் சரிசெய்வதில் ஆயுளைக் கழித்தது, சரிசெய்தவருக்கும் பிற்பாடு கௌரவம் கிடைத்தது. பிரெய்ரி விவசாயத்தின் கதை பெரும்பாலும் இதுதான். இதை ஒரே ஊரை வைத்துக் காட்டிவிடலாம். சஸ்காச்சுவானின் தலைநகர் ரெஜைனாவிலிருந்து டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் இண்டியன் ஹெட் என்று ஒரு சின்ன ஊர் வரும்.

அதற்கு முன்னால் நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். 1857 முதல் 1860 வரை ஜான் பாலிசர் என்பவர் தலைமையில் அந்தப் பிரதேசத்தைச் சுற்றிப் பார்த்த குழு, தெற்குப் பக்கம் ஒரு பெரிய முக்கோண நிலப்பகுதி மிக வறண்டது, பயிருக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் 1872இல் கனடா அரசு ஒரு சட்டம் போட்டு, 10 டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் கொடுக்க ஆரம்பித்தது. மூன்று வருஷம் குடியிருந்து நிலத்தைத் திருத்திக் காட்ட வேண்டும். வந்தவர்களுக்கு இரண்டு எதிரிகள். மழையும் பனியும் சேர்ந்தே வருஷத்துக்கு 350, 400 மில்லிமீட்டர்தான். அதுவும் போதாதென்று செப்டம்பர் முதல் வாரத்திலேயே உறைபனி இறங்கி, பால் பிடித்து நிற்கும் கோதுமையைக் கெடுத்துவிடும்.

இண்டியன் ஹெட்டில் ஆங்கஸ் மக்கே என்று ஒரு விவசாயி இருந்தார், ஒண்டாரியோவிலிருந்து வந்தவர். 1885இல் லூயி ரியேல் தலைமையில் மெட்டி மக்கள் (பூர்வகுடி, ஐரோப்பியக் கலப்பு வம்சத்தவர்) கிளர்ச்சி செய்தபோது, படைக்குச் சாமான் ஏற்றிப் போக அந்த வட்டாரத்துக் குதிரைகளும் வண்டிகளும் வாடகைக்குப் போய்விட்டன. விதைக்க வேண்டிய நிலம் விதைக்கப்படாமல் கிடந்தது. கோடையில் அதைக் களை எடுத்து உழுது வைத்தார்கள். அடுத்த வருஷம் கடும் வறட்சி, சுற்றுவட்டாரமே காய்ந்தபோது, ஆறப் போட்டிருந்த அந்த நிலத்தில் மட்டும் உருப்படியான விளைச்சல் வந்தது. மக்கே 1888இல் அங்கே அரசு தொடங்கிய பரிசோதனைப் பண்ணையின் முதல் கண்காணிப்பாளர் ஆனார், கால் நூற்றாண்டு அந்தப் பதவியில் இருந்து, நிலத்தை ஒரு வருஷம் ஆறப் போட்டு அடுத்த வருஷம் விதைப்பதை எல்லாருக்கும் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷ ஈரத்தை ஒரு பயிருக்குச் சேர்ப்பதுதான் இதன் சூட்சுமம். கூடவே களை அழியும், மண்ணிலுள்ள மக்கு சிதைந்து தழைச்சத்தும் வெளிவரும்.

இதில் உறுதியானது எது, கதை எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மக்கே இந்த முறையைப் பரப்பினார் என்பதில் சந்தேகமே இல்லை. அவர்தான் 'கண்டுபிடித்தார்' என்பது வேறு விஷயம். நிலத்தை ஆறப் போடுவது ஐரோப்பாவில் பல நூற்றாண்டுப் பழக்கம், அதே வட்டாரத்தில் அதே வருஷம் வேறு சிலரின் நிலமும் அப்படியே கிடந்தது. குதிரைகள் போனதால் தற்செயலாக நடந்தது என்ற பகுதி சொல்லச் சொல்ல மெருகேறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. என் கணிப்பில் அவருடைய பெருமை கண்டுபிடிப்பில் இல்லை. வருஷா வருஷம் கணக்கு எழுதி, பக்கத்து நிலத்தோடு ஒப்பிட்டு, விவசாயி நம்புகிற மாதிரி நிரூபித்ததுதான் அவர் செய்த பெரிய வேலை.

உறைபனி என்ற இரண்டாவது எதிரிக்குப் பதில் விதையில் கிடைத்தது. ஒண்டாரியோவில் டேவிட் ஃபைஃப் என்ற விவசாயி 1842 வாக்கில் பெருக்கிய ரெட் ஃபைஃப் கோதுமைதான் அன்றைக்கு மேற்கில் ராஜா. ரொட்டிக்கு அருமையான மாவு, ஆனால் முற்றக் கொஞ்சம் தாமதமாகும், அந்தக் கொஞ்சத்தில்தான் பனி பிடித்துக்கொள்ளும். (ஃபைஃப் வீட்டுப் பசு அந்த முதல் கதிர்களைத் தின்னப் போனதாகவும் அவர் மனைவி ஓடிப்போய்க் காப்பாற்றியதாகவும் ஒரு கதை உண்டு. குடும்பக் கதைகளுக்கு என்ன மதிப்போ அந்த மதிப்பை அதற்கும் கொடுங்கள்.) பரிசோதனைப் பண்ணைகளின் முதல் இயக்குநர் வில்லியம் சாண்டர்ஸ், தொழிலில் மருந்துக் கடைக்காரர். சீக்கிரம் முற்றுகிற ரகங்களை உலகம் முழுவதிலிருந்தும் வரவழைத்தார். அதில் ஒன்று இந்தியாவிலிருந்து போன ஹார்டு ரெட் கல்கத்தா. 1892இல் அவருடைய மகன்களில் ஒருவர் அதை ரெட் ஃபைஃபோடு கலப்பினம் செய்தார். அப்புறம் அது பத்து வருஷத்துக்கு மேல் சீந்துவாரில்லாமல் கிடந்தது.

1903இல் பொறுப்பேற்ற இன்னொரு மகன் சார்லஸ் சாண்டர்ஸ்தான் அதைத் தோண்டி எடுத்தார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியும் சங்கீதத்தில்தான் மனசு, பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அப்பா கிட்டத்தட்ட வற்புறுத்தித்தான் இந்த வேலைக்கு வந்தார். கலப்பினச் செடிகளில் ஒவ்வொரு கதிராகப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் சில மணிகளை வாயில் போட்டு மென்று பார்த்தார். மென்றால் மாவு கரைந்து பசைப்புரதம் மட்டும் பிசின் மாதிரி நிற்கும், அது எவ்வளவு நீண்டு கொடுக்கிறது என்பதை வைத்து ரொட்டிக்கு ஆகுமா ஆகாதா என்று முடிவு செய்தார். இது கட்டுக்கதை இல்லை, அவரே பதிவு செய்திருக்கிறார். அப்படித் தேறியதுதான் மார்க்விஸ். 1907இல் சோதனைக்காக அது போன இடம் எது தெரியுமா? மக்கேயின் இண்டியன் ஹெட் பண்ணைக்குத்தான். 1909 முதல் விவசாயிகளுக்குப் போக ஆரம்பித்தது. ரெட் ஃபைஃபைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக முற்றும். அந்த ஒரு வாரம்தான் வடக்குப் பக்கம் லட்சக்கணக்கான ஏக்கரைக் கோதுமைக்குத் திறந்துவிட்டது. 1920 வாக்கில் பிரெய்ரிக் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு மார்க்விஸ்தான்.

ராஸ்தர்ன் ஊரில் விவசாயம் பார்த்த சீகர் வீலரின் பெயரையும் இங்கே சேர்க்க வேண்டும். ஐல் ஆஃப் வைட் தீவிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். 1911இல் நியூயார்க்கில் நடந்த கண்காட்சியில் மார்க்விஸ் கோதுமையோடு போய் உலகின் சிறந்த கோதுமைக்கான ஆயிரம் டாலர் தங்கப் பரிசை வென்றார், 1918க்குள் மொத்தம் ஐந்து தடவை உலகப் பட்டம். பரிசுகளைவிட முக்கியமானது அவர் விதையைப் பொறுக்கிச் சுத்தமாக வைத்த விதம். பல்கலைக்கழகம் போகாதவர் என்றாலும் பல்கலைக்கழகத்துக்காரர்கள் அவர் நிலத்துக்குப் போய்ப் பார்த்தார்கள்.

இன்றைக்கு வணிகரீதியாக மார்க்விஸை யாரும் பெரிதாகப் பயிரிடுவதில்லை. அப்படியானால் அது நிலைத்ததா? நான் நிலைத்தது என்றுதான் சொல்வேன். 1930களின் நடுவில் வந்து பல பத்தாண்டு பிரெய்ரியை ஆண்ட தாட்சர் ரகத்தின் வம்சத்தில் மார்க்விஸ் இரண்டு பக்கமும் இருக்கிறது. மேற்குக் கனடாவின் கோதுமை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆலைக்காரர்கள் எதிர்பார்க்கிற தரத்தை வகுத்ததும் அதுதான்.

தாட்சர் ஏன் தேவைப்பட்டது என்றால், துரு நோயால். 1916இல் தண்டுத் துரு வந்து மேற்கில் சுமார் 10 கோடி புஷல் கோதுமையைத் தின்றுவிட்டது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த மார்கரெட் நியூட்டன் வருகிறார். மாணவியாக இருந்தபோதே, தண்டுத் துரு ஒரே பூஞ்சை இல்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு கோதுமையைத் தாக்கும் பல இனங்கள் அதற்குள் இருக்கின்றன என்பதைக் கனடாவில் காட்டியவர். 1922இல் விவசாய அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கனடியப் பெண். 1925இல் மனிடோபாவின் வின்னிபெக்கில் துரு ஆராய்ச்சிக் கூடம் தொடங்கியதும் அங்கே போய், எந்த வருஷம் எந்த இனம் பரவுகிறது என்று வருஷா வருஷம் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கு இல்லாவிட்டால் ரகம் உருவாக்குபவர் எந்த எதிரிக்கு எதிராக உருவாக்குகிறோம் என்று தெரியாமலே வேலை செய்ய வேண்டியதுதான். துரு வித்துகளைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கெட்டு, 1945இல் வேலையை விட வேண்டி வந்தது. நீங்கள் சுவாமிநாதனைக் குறிப்பிட்டதால் ஒரு தொடர்பைச் சொல்கிறேன்: நியூட்டன் பட்டம் பெற்றது மின்னசோட்டாவில், ஸ்டேக்மன் என்ற பேராசிரியரிடம். நார்மன் போர்லாக்கைத் தாவர நோயியல் பக்கம் இழுத்தவரும் அதே ஸ்டேக்மன்தான். அந்தப் போர்லாக்கின் குட்டைக் கோதுமையைத்தான் 1960களில் சுவாமிநாதன் இந்தியாவுக்குக் கொண்டுவரச் செய்தார்.

சரி, மறுபடி இண்டியன் ஹெட்டுக்கு வருவோம். மக்கேயின் பாடத்தை விவசாயிகள் அளவுக்கு மீறி நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். புல் பூண்டு இல்லாமல் கருப்பாக உழுது வைத்த நிலம்தான் நல்ல விவசாயிக்கு அடையாளம் என்று ஆனது. 1930களில் மழை பொய்த்துக் காற்று அடித்தபோது அந்தக் கருப்பு மண் எழுந்து பறந்தது. அதற்கு மாற்றுத் தேடியவர்கள் பெரும்பாலும் தெற்கு ஆல்பர்ட்டாக்காரர்கள். மொனார்க் ஊர்ப் பக்கம் டச்சுக் குடியேறிகளான கூலே சகோதரர்கள், காற்றுக்குக் குறுக்காகப் பயிர் ஒரு பட்டை, ஆறப் போட்டது ஒரு பட்டை என்று நிலத்தை மாற்றி மாற்றிப் பிரித்தார்கள். லெத்பிரிட்ஜ் ஆராய்ச்சி நிலையத்தில் ஏசெல் பாமர், தட்டையையும் வைக்கோலையும் மேலேயே விட்டுவிட்டு நிலத்தை ஆறப் போடும் முறையைப் பரப்பினார். சார்லஸ் நோபல் பெரும் பண்ணை வைத்திருந்து, 1920களின் தொடக்கத்தில் வங்கியிடம் எல்லாவற்றையும் இழந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தவர். மண்ணைப் புரட்டாமல் அடியில் களை வேரை மட்டும் அறுத்துக்கொண்டு போகிற அகலமான கத்தி ஒன்றை 1930களின் நடுவில் செய்தார். அவர் ஊர் நோபல்ஃபோர்டிலேயே அதற்குப் பட்டறையும் வந்தது. 1935இல் மத்திய அரசு பிரெய்ரிப் பண்ணை மறுவாழ்வு நிர்வாகம் என்று ஒன்றைத் தொடங்கி, தண்ணீர்க் குட்டை வெட்டவும், உழக்கூடாத நிலத்தைப் பொது மேய்ச்சலாக மாற்றவும் உதவியது. காற்றைத் தடுக்க மர வரிசைகள் நட, இண்டியன் ஹெட் நாற்றங்காலிலிருந்து நூறு வருஷத்துக்கும் மேலாக இலவசக் கன்றுகள் போயின. 2013இல் அரசு அந்தத் திட்டத்தை மூடிவிட்டது. அது தவறான முடிவு என்பது என் கருத்து.

ஆனாலும் ஆறப் போடும் பழக்கம் போகவில்லை. 1984இல் சஸ்காச்சுவானைச் சேர்ந்த செனட்டர் ஹெர்பர்ட் ஸ்பாரோ தலைமையிலான குழு, கனடாவின் மண் அழிகிறது என்று ஓர் அறிக்கை கொடுத்தது. அது கொஞ்சம் உலுக்கியது. முதல் உழவிலிருந்து நூறு வருஷத்துக்குள் பிரெய்ரி மண் தன் மக்கில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிட்டது என்பதில் மண்ணியலாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அப்போது இண்டியன் ஹெட்டிலேயே ஜிம் ஹால்ஃபோர்ட் என்ற விவசாயி, உழாத நிலத்தில் தட்டைக்கு நடுவே பிளந்து விதையையும் உரத்தையும் தனித்தனி ஆழத்தில் போடும் விதைப்புக் கருவியைத் தன் பண்ணையில் செய்துகொண்டிருந்தார். பரிசோதனைப் பண்ணையில் கை லஃபோண்ட் என்ற ஆராய்ச்சியாளர் உழாத சாகுபடியை வருஷக்கணக்கில் சோதித்தார். ஹால்ஃபோர்டின் கருவியை 2007இல் விவசாய இயந்திரங்கள் செய்யும் ஜான் டியர் கம்பெனி வாங்கிக்கொண்டது. ஆறப் போடுவது எந்த ஊரிலிருந்து பரவியதோ அதே ஊரிலிருந்துதான் அதை நிறுத்துகிற வழியும் பரவியது. ஹால்ஃபோர்ட் தனி ஆள் இல்லை, அதே காலத்தில் வேறு ஊர்களிலும் பல பட்டறைகளில் இதே முயற்சி நடந்தது. கிளைஃபோசேட் களைக்கொல்லி விலை இறங்காவிட்டால் இதெல்லாம் பரவியிருக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆறப் போடுவதை நிறுத்தினால் அந்த வருஷம் என்ன விதைப்பது? இங்கேதான் என் சொந்தத் துறை வருகிறது, கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். 1972இல் ஐடஹோவிலிருந்து ஆல்ஃபிரட் ஸ்லின்கார்ட் என்பவர் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அப்போது அந்த மாகாணத்தில் மசூர் பருப்பு என்பது ஒரு வேடிக்கைப் பயிர். 1978இல் லெயர்ட் என்ற பெரிய பச்சை ரகத்தையும், 1980இல் எஸ்டன் என்ற சின்ன ரகத்தையும் வெளியிட்டார். ரகம் கொடுத்தால் மட்டும் போதாது என்று ஊர் ஊராகப் போய், எப்படி விதைப்பது, யாருக்கு விற்பது என்று விவசாயிகளிடம் பேசினார். அவருக்குப் பின் பெர்ட் வாண்டன்பெர்க் சிவப்பு ரகங்களில் இறங்கினார். பருப்பு தனக்கு வேண்டிய தழைச்சத்தைத் தானே காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும், தண்ணீரும் குறைவாகத்தான் எடுக்கும், அதனால் வெறும் நிலமாகக் கிடந்த வருஷத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தியது. 1984 முதல் விவசாயிகள் விற்கிற ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிறு பங்கு ஆராய்ச்சிக்குப் போகிற மாதிரி தங்களுக்குத் தாங்களே வரி போட்டுக்கொண்டார்கள். ஸ்லின்கார்டை எல்லாரும் புகழ்கிறோம், இந்த வரிக்கு ஓட்டுப் போட்டவர்களை யாரும் சொல்வதில்லை. இன்றைக்குக் கனடாவின் மசூர் பருப்பில் பத்தில் ஒன்பது பங்கு இந்த ஒரு மாகாணத்தில் விளைகிறது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பருப்புக் கறி வைப்பவர்கள் வாங்கும் சிவப்புப் பருப்பில் ஒரு பகுதி அங்கிருந்து வந்ததுதான். 2017 கடைசியில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீதமும் மசூருக்கு 30 சதவீதமும் இறக்குமதி வரி போட்டபோது சஸ்காச்சுவான் கிராமங்களில் அது எவ்வளவு பெரிய பேச்சாக இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

இது நிலைக்குமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அஃபனோமைசஸ் என்ற வேரழுகல் 2012 வாக்கில் உறுதியாகி, இப்போது மசூரையும் பட்டாணியையும் அதே வயலில் ஆறு, எட்டு வருஷம் இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். அதே சமயம் தெற்கு ஆல்பர்ட்டாவில் கோச்சியா என்ற களை கிளைஃபோசேட்டுக்கு மசிவதை நிறுத்திவிட்டது. உழாத சாகுபடி மண்ணரிப்பைத் தடுத்தது உறுதி. அது மண்ணில் எவ்வளவு கரிமத்தைச் சேர்க்கிறது, எவ்வளவு ஆழத்தில், எத்தனை காலம் என்பதில் ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போவதில்லை, விற்பனைக்காரர்கள் சொல்லும் எண்களைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

கனோலா என்ற எண்ணெய் வித்தை இரண்டு வரியில் முடிக்கிறேன், அதைப் பற்றி எங்கும் படிக்கலாம். போர்க்காலத்தில் கப்பல் இயந்திர மசகுக்காகப் பயிரான ரேப்ஸீட், எரூசிக் அமிலம் அதிகம் என்பதால் சமையலுக்கு ஒவ்வாமல் இருந்தது. சஸ்கட்டூனில் கீத் டவுனியும் வின்னிபெக்கில் பால்டர் ஸ்டெஃபன்சனும் அந்த அமிலத்தையும் பிண்ணாக்கிலிருந்த கசப்புப் பொருளையும் நீக்கினார்கள், 1974இல் வந்த டவர் ரகம் இரண்டும் குறைந்த முதல் ரகம், அப்படி மாறிய ரேப்ஸீட்தான் கனோலா. ஒரே விதையைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியில் எண்ணெயைச் சோதித்துவிட்டு மறுபாதியை முளைக்கப் போடும் டவுனியின் உத்தி எனக்கு இன்னும் வியப்பு.

இனி கூட்டுறவுக் கதை. 1901இல் அமோக விளைச்சல், ரயில் பெட்டி கிடைக்காமல் கோதுமை குவிந்து கிடந்தது. பெட்டிகள் எலிவேட்டர் (ரயில் பாதையோரத் தானியக் கிடங்கு) கம்பெனிகளுக்குத்தான் முதலில் போயின, விவசாயி எலிவேட்டர்காரர் சொன்ன எடைக்கும் தரத்துக்கும் தலையாட்ட வேண்டியிருந்தது. அபர்னெத்தி ஊர் விவசாயி டபிள்யூ. ஆர். மதர்வெல் முன்நின்று அந்த டிசம்பரில் (வேறெங்கே, இண்டியன் ஹெட்டில்தான்) தானிய விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். அடுத்த வருஷம் பக்கத்து ஊரான சிண்டலூட்டாவின் ரயில் நிலைய ஏஜெண்ட் மேல் வழக்குப் போட்டு, பெட்டிகளை வரிசைப்படிதான் கொடுக்க வேண்டும் என்று ஜெயித்தார்கள். மதர்வெல் பிற்பாடு சஸ்காச்சுவானின் முதல் விவசாய அமைச்சரானார், அப்புறம் மத்திய அமைச்சரும் ஆனார். சிண்டலூட்டாவின் இ. ஏ. பார்ட்ரிட்ஜ் இன்னும் ஒருபடி மேலே போனார். 1905இல் வின்னிபெக் தானியச் சந்தையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, விவசாயிகளே கம்பெனி ஆரம்பிக்க வேண்டும் என்று பிரச்சாரம் செய்து, 1906இல் அதைச் செய்தும் காட்டினார். மனுஷர் பட்ட துன்பம் கொஞ்சம் இல்லை: அறுவடை இயந்திரத்தில் காலை இழந்தார், முதல் உலகப் போரில் இரண்டு மகன்களை இழந்தார்.

அந்தக் கூட்டுறவுகள் இன்றைக்கு இல்லை. பல இணைப்புகளைக் கடந்து வந்த பார்ட்ரிட்ஜின் கம்பெனியும், 1924இல் தொடங்கிய சஸ்காச்சுவான் கோதுமைக் கூட்டுறவும், 2007இல் ஒன்றாகி விட்டெர்ரா என்ற கம்பெனியாகின. 2012இல் அதை க்ளென்கோர் என்ற பன்னாட்டுக் கம்பெனி வாங்கியது. அதே 2012இல், மேற்குக் கனடாவின் கோதுமையைத் தான் ஒருவரே விற்றுவந்த கனடா கோதுமை வாரியத்தின் ஏகபோகமும் முடிந்தது. நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஒரே மேசையில் அண்ணன் தம்பி இரண்டு பேரும் இரண்டு பதில் சொல்வார்கள், நான் அதில் தலையிடுவதில்லை.

கிராம வாழ்க்கை என்றும் கேட்டிருந்தீர்கள். அதற்கு என் பதில் வயலட் மக்நாட்டன். 1909இல் இங்கிலாந்திலிருந்து ஹாரிஸ் ஊர்ப் பக்கம் வந்தவர், வந்த புதிதில் தானே பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளானவர், டாக்டர் பல மைல் தள்ளி இருப்பது என்றால் என்னவென்று உடம்பால் அறிந்தவர். 1914இல் தானிய விவசாயிகள் சங்கத்தின் பெண்கள் பிரிவுக்கு முதல் தலைவரானார். மருத்துவச்சி, நர்ஸ், டாக்டர் மூவரும் எட்டுகிற தூரத்திலும் கட்டுகிற விலையிலும் வேண்டும் என்று விடாமல் கேட்டார். பல முனிசிபாலிட்டிகள் சேர்ந்து ஆஸ்பத்திரி கட்டிக்கொள்ள 1916இல் சட்டம் வந்தது, அதே வருஷம் பெண்களுக்கு ஓட்டுரிமையும் வந்தது, இரண்டிலும் அவர் கை உண்டு. 1925 முதல் 1950 வரை வெஸ்டர்ன் புரொட்யூசர் பத்திரிகையில் பெண்கள் பகுதியை நடத்தி, தனித்தனிப் பண்ணைகளில் ஒதுங்கிக் கிடந்த ஆயிரக்கணக்கான பெண்களை ஒருவரோடொருவர் பேச வைத்தார்.

கிராமத்தார் சேர்ந்து பணம் போட்டு டாக்டரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வது சஸ்காச்சுவானில் 1915 வாக்கிலேயே தொடங்கியது. 1939இல் மேட் ஆண்டர்சன் என்ற முனிசிபல் தலைவரின் முயற்சியில் மருத்துவ வரித் திட்டத்துக்குச் சட்டம் வந்தது, 1946இல் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம் முழுவதற்கும் அப்படி ஒரு திட்டம் வந்தது. சஸ்காச்சுவான் முதல்வர் டாமி டக்ளஸின் அரசு 1947இல் ஆஸ்பத்திரிக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. அவர் பதவி விலகிய பின் 1962 ஜூலை முதல் தேதி, டாக்டர்களின் 23 நாள் வேலைநிறுத்தத்துக்கு நடுவே, எல்லாருக்குமான மருத்துவக் காப்பீடு அமலுக்கு வந்தது. டக்ளஸை எல்லாருக்கும் தெரியும். அவருக்கு முன்னாலேயே கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதைச் சின்ன அளவில் செய்து பார்த்தவர்கள் கோதுமை விவசாயிகள் என்பது கனடாக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

கௌரவக் கூடங்களில் யார் இல்லை என்பதையும் சொல்லாமல் விட்டால் பதில் அரைகுறைதான். 1880களில் ரிசர்வ் நிலங்களில் (பூர்வகுடிகளுக்கென்று அரசு ஒதுக்கிய நிலங்கள்) பூர்வகுடி விவசாயிகள் நன்றாகவே பயிர் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். 1889இல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி, அவர்கள் இயந்திரம் வாங்கக் கூடாது, கைக்கருவியால்தான் செய்ய வேண்டும் என்று கொள்கை வகுத்தார். விளைந்ததை விற்கவும் அனுமதிச் சீட்டு வேண்டும். பூர்வகுடிகளோடு அரசு செய்த ஒப்பந்தத்தில் ஏரும் விதையும் மாடும் தருவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, வளரத் தொடங்கியபோது கையைக் கட்டிய கதை இது, பதிவுகளில் தெளிவாக இருக்கிறது. அதேபோல் பெண்களுக்கு, குடும்பத் தலைவியாக இருக்கும் விதவை மாதிரி சிலரைத் தவிர, அந்த 160 ஏக்கர் கிடையாது. ஃபோர்ட் குவாப்பெல் பக்கம் ஜார்ஜினா பின்னி கிளார்க் என்பவர் காசு கொடுத்து நிலம் வாங்கி விவசாயம் செய்துகொண்டே, பெண்களுக்கும் இலவச நிலம் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். கிடைக்கவில்லை.

கடைசியாக, சுவாமிநாதன் மாதிரி ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், வயலில் ஏற்பட்ட விளைவை வைத்து சார்லஸ் சாண்டர்ஸ், விஞ்ஞானப் பரம்பரையை வைத்து மார்கரெட் நியூட்டன். ஆனால் யாருடைய வேலை இன்றைக்கும் மாறாமல் அதிகப் பேருக்குப் பயன்படுகிறது என்று கேட்டால் நான் மக்நாட்டன் பக்கம்தான் கை தூக்குவேன். அந்தப் பக்கம் போகிற வாய்ப்பு இருந்தால் கோடையில் போங்கள். அபர்னெத்தியில் மதர்வெல்லின் கல் வீடும் ராஸ்தர்ன் பக்கம் சீகர் வீலரின் பண்ணையும் தேசிய வரலாற்றுச் சின்னங்கள். முதலாவது இண்டியன் ஹெட்டுக்கு வடக்கே பக்கத்தில்தான், காலையில் ரெஜைனாவிலிருந்து கிளம்பினால் இண்டியன் ஹெட், அபர்னெத்தி இரண்டு ஊரையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.